காம்பஸ் பாதுகாப்புத் தூரம்: ஒரே பெட்டி, புதுச்சேரியில் 25 செ.மீ., ஐரோப்பாவில் 33 செ.மீ. எது சரி?

சேதராப்பட்டு_சால்டரிங்:
வணக்கம் நண்பர்களே. சேதராப்பட்டு தொழிற்பேட்டையில் ஒரு சின்ன நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். இரண்டு பேர் உட்காரும் பயிற்சி விமானங்களுக்கு இன்டர்காம் பெட்டி செய்கிறோம். 28 வோல்ட் டிசி. உள்ளே ஒரு கன்வெர்ட்டர், இரண்டு ரிலே, எச்சரிக்கை ஒலிக்கு ஒரு குட்டி ஸ்பீக்கர்.

விமானக் கருவிகளுக்கான டிஓ-160 தரநிலையில் 15ஆம் பிரிவு காந்த விளைவு பற்றியது. பெட்டியை ஓடவிட்டு, காம்பஸ் முள்ளுக்குப் பக்கத்தில் கொண்டுபோய், முள் ஒரு டிகிரி திரும்பும் தூரத்தை அளக்க வேண்டும். 30 செ.மீ.க்குள் என்றால் இசட் வகை, 30 செ.மீ. முதல் 1 மீட்டர் வரை ஏ, 3 மீட்டர் வரை பி, அதற்கும் மேல் சி. பெட்டியை விமானத்தில் எங்கே மாட்டலாம் என்று முடிவெடுப்பது இந்த எழுத்தை வைத்துத்தான்.

காலாப்பட்டு பக்கம் ஒரு சவுக்குத் தோப்பில், பைக்கெல்லாம் தூரமாக நிறுத்திவிட்டு, மர மேசை போட்டு அளந்தோம். 25 செ.மீ. வந்தது. இசட் என்று எழுதி அனுப்பினோம். ஐரோப்பாவில் இருக்கும் வாடிக்கையாளர் அதே பெட்டியைத் தங்கள் ஆய்வகத்தில் அளந்து 33 செ.மீ., ஏ வகை என்கிறார். "உங்கள் அளவீட்டு முறையை விளக்கவும்" என்று மெயில் வேறு. முதலாளி என் முகத்தைப் பார்க்கிறார். காம்பஸ் நல்ல காம்பஸ்தான். எங்கே இடிக்கிறது?

வில்லியனூர்_மொபைல்:
இதற்கு எதற்கு காம்பஸும் மர மேசையும்? போனில் மேக்னெட்டோமீட்டர் ஆப் போட்டுப் பக்கத்தில் வையுங்கள். மைக்ரோடெஸ்லாவிலேயே காட்டும்.

பழைய_ஏவியானிக்ஸ்:
தம்பி, முதலில் அளந்த விதத்தைச் சொல்லுங்கள். பெட்டியைக் காம்பஸுக்கு எந்தத் திசையில் வைத்தீர்கள்? கிழக்கு மேற்குக் கோட்டில் வைத்து அளக்க வேண்டும். பெட்டியை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்து, எந்த நிலையில் முள் அதிகம் ஓடுகிறதோ அதைத்தான் எடுக்க வேண்டும். ரிலே மூடிய நிலை, திறந்த நிலை, ஸ்பீக்கர் ஒலிக்கும் நிலை எல்லாம் பார்த்தீர்களா? தூரத்தை முள்ளின் மையத்திலிருந்து பெட்டியின் மிக அருகிலுள்ள பகுதி வரை எடுத்தீர்களா? காம்பஸின் டப்பா ஓரத்திலிருந்து அளக்கிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்று. மூடியில் என்ன ஸ்க்ரூ? 304 ஸ்டெயின்லெஸ் காந்தத்தில் ஒட்டாது என்று நம்பிவிடாதீர்கள். குளிர்நிலையில் வளைத்து நெளித்துச் செய்த வாஷரும் ஸ்க்ரூவும் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். காந்தம் ஏறிய ஸ்க்ரூ டிரைவரால் முடுக்கியிருந்தால் கேட்கவே வேண்டாம்.

சேதராப்பட்டு_சால்டரிங்:
சார், கிழக்கு மேற்குக் கோடுதான். ஆறு முகமும் திருப்பிப் பார்த்தோம். ஸ்பீக்கர் இருக்கிற முகம்தான் மோசம். தூரம் முள்ளின் மையத்திலிருந்து. ஸ்க்ரூ பித்தளை.

காலாப்பட்டு_இயற்பியல்:
நீங்கள் அளந்ததும் சரி, அவர்கள் அளந்ததும் சரி. சண்டை போடுவது பூமியின் காந்தப்புலம்.

காம்பஸ் முள் எவ்வளவு திரும்பும் என்பது பெட்டியின் புலத்தை மட்டும் பொறுத்ததில்லை. முள்ளை வடக்கே இழுத்துப் பிடித்திருக்கும் பூமியின் கிடைமட்டப் புலத்துக்கும், பக்கவாட்டில் தள்ளும் பெட்டியின் புலத்துக்கும் உள்ள விகிதம்தான் கோணம். தரநிலையில் சொல்லும் "ஒரு டிகிரி" கிடைமட்டப் புலம் மீட்டருக்கு 14.4 ஆம்பியர் இருக்கும் இடத்துக்கு உரியது. பத்து சதவீதம் கூடக்குறைய இருக்கலாம். அதை மாற்றினால் சுமார் 18.1 மைக்ரோடெஸ்லா. பிரிட்டன் பக்கத்தில் கிடைப்பது கிட்டத்தட்ட அதுதான்.

புதுச்சேரியில் கிடைமட்டப் புலம் 40 மைக்ரோடெஸ்லாவுக்குக் கொஞ்சம் மேல். நாம் காந்த நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கிறோம், புலக்கோடுகள் கிட்டத்தட்டப் படுத்தே கிடக்கின்றன. வடக்கே போகப் போக அவை தரைக்குள் குத்திக்கொண்டு இறங்கும், கிடைமட்டப் பங்கு சுருங்கும். ஆக நம்மூரில் முள்ளுக்குப் பிடிவாதம் இரண்டு மடங்குக்கும் மேல்.

கணக்கு: 18.1 மைக்ரோடெஸ்லாவில் ஒரு டிகிரி திருப்ப 0.316 மைக்ரோடெஸ்லா போதும். இங்கே ஒரு டிகிரிக்கு 0.7 வேண்டும். அதனால் இங்கே அளப்பவர் ஒரு டிகிரியைப் பார்க்கக் கூடாது. உள்ளூர்ப் புலம் 40.5 மைக்ரோடெஸ்லா, அதாவது மீட்டருக்கு 32.2 ஆம்பியர். 14.4-ஐ அந்த 32.2-ஆல் வகுத்தால் 0.45. அந்த 0.45 டிகிரிதான் நம்மூரின் "ஒரு டிகிரி". இந்தத் திருத்தம் தரநிலையிலேயே இருக்கிறது. கிடைமட்டப் புலம் அந்த வரம்புக்குள் இல்லாத இடத்தில் கோணத்தை இப்படித்தான் மாற்றிக்கொள்ளச் சொல்கிறார்கள். காஷ்மீருக்கே போனாலும் 30 மைக்ரோடெஸ்லா சுமாருக்கு இருக்கும். இந்தியாவில் எந்த ஊரிலும் அந்த 14.4 கிடைக்காது.

சேதராப்பட்டு_சால்டரிங்:
மேடம், அப்படியென்றால் தூரத்தைத் திருத்திவிட்டால் போதுமா? காந்தப்புலம் தூரத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) எதிர் விகிதத்தில் குறையும் என்று படித்தது நினைவிருக்கிறது. 40.5-ஐ 18.1-ஆல் வகுத்தால் 2.24. அதன் கன மூலம் 1.31. 25-ஐ 1.31-ஆல் பெருக்கினால் 32.7. அவர்கள் சொன்ன 33!

காலாப்பட்டு_இயற்பியல்:
அழகாகப் பொருந்துகிறது. ஆனால் அறிக்கையில் அப்படிப் பெருக்கி எழுதாதீர்கள். கன விதி ஒரு சின்னக் காந்தத்துக்குப் பொருந்தும், உங்கள் ஸ்பீக்கர் அப்படிப்பட்டது. மின்னோட்டம் போகும் வயருக்குப் பொருந்தாது. போய்த் திரும்பும் இரட்டை வயர் என்றால் தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர் விகிதம். ஒற்றை வயர் என்றால் வெறும் தூரத்துக்கு எதிர் விகிதம், அப்போது 25 செ.மீ. என்பது 56 ஆகிவிடும். பெட்டிக்குள் எது எவ்வளவு பங்கு வகிக்கிறது என்று தெரியாமல் கன மூலம் போடக்கூடாது. 0.45 டிகிரிக்கு மறுபடி அளந்துவிடுங்கள்.

ஒற்றை வயர் எவ்வளவு மோசம் என்பதற்கு ஒரு கணக்கு. 1 ஆம்பியர் ஓடும் நேரான வயர் ஒன்று, திரும்பும் பாதை விமானத்தின் உடல் என்று வையுங்கள். 0.316 மைக்ரோடெஸ்லா வரை இறங்க 63 செ.மீ. தள்ளிப் போக வேண்டும். பெட்டி இசட் வகையில் தேறி, அதற்குப் போகும் சப்ளை வயர் ஏ வகையில் நிற்கும்! இரண்டு வயரையும் முறுக்கி ஓட்டினால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஓய்ந்துவிடும்.

பழைய_ஏவியானிக்ஸ்:
கணக்கில் குறை சொல்லவில்லை அம்மா. ஆனால் ஒரு கேள்வி. விமானம் பறக்கப்போவது தமிழ்நாட்டு வானத்தில் என்றால், அங்கே முள் 25 செ.மீ.யில்தானே ஒரு டிகிரி திரும்பும்? இந்த ஊர் விமானத்துக்கு இந்த ஊர் அளவு போதாதா? நாங்கள் ஹேங்கரில் வருஷக்கணக்கில் ஒரு டிகிரி என்றால் ஒரு டிகிரி என்றுதான் பார்த்தோம்.

காலாப்பட்டு_இயற்பியல்:
பறப்பது இங்கே மட்டும் என்றால் நீங்கள் சொல்வது சரிதான் ஐயா. ஆனால் டிஓ-160 சான்று பெட்டிக்குத் தருவது, ஊருக்குத் தருவதில்லை. இன்று லாஸ்பேட்டையில் இறங்கும் விமானத்தை நாளை குத்தகைக்கு எடுத்து நார்வேயில் ஓட்டலாம். அங்கே கிடைமட்டப் புலம் 18-ஐ விடவும் குறைவு, அதே பெட்டி அதே முள்ளை இன்னும் அதிகமாகத் தள்ளும். எல்லோரும் ஒரே எண்ணைப் பேச வேண்டும் என்றுதான் 14.4 என்று ஒன்றை நிறுத்தி வைத்திருக்கிறார்கள்.

முதுநகர்_சந்தேகி:
எல்லாம் சரி. ஜிபிஎஸ் வந்து இத்தனை வருஷம் ஆகிறது. இன்னும் காம்பஸ் முள்ளுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டுமா?

பழைய_ஏவியானிக்ஸ்:
வேண்டும். ஜிபிஎஸ் சொல்வது விமானம் நகரும் திசை. மூக்கு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பது வேறு. பக்கக் காற்று அடித்தால் இரண்டும் பத்துப் பதினைந்து டிகிரி வித்தியாசப்படும். மூக்கின் திசையைச் சொல்ல இன்றைய டிஜிட்டல் காக்பிட்டிலும் ஒரு காந்த உணரி இருக்கிறது, பெரும்பாலும் இறக்கை முனையிலோ வாலிலோ ஒளித்து வைத்திருப்பார்கள். ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டால் இந்த இழைதான் பதில். கரண்ட் மொத்தமும் போனாலும் வேலை செய்யும் சாதாரண காம்பஸ் ஒன்றும் விமானியின் கண்முன் இருந்தே ஆக வேண்டும்.

அமெரிக்க விதியில் எல்லை 10 டிகிரி. சரிசெய்த பிறகும் நேர்மட்டப் பறத்தலில் எந்தத் திசையிலும் அதற்கு மேல் பிழை கூடாது. விமானத்தைத் திறந்தவெளியில் நிறுத்தி 30 டிகிரிக்கு ஒருமுறை திருப்பி, பிழையை அட்டையில் எழுதி ஒட்டுவோம். காம்பஸ் ஸ்விங் என்போம். அந்த அட்டையில் ரேடியோ ஓடும்போது அளந்ததா, அணைத்து அளந்ததா என்றும் எழுத வேண்டும். வெயிலில் விமானத்தைத் தள்ளித் தள்ளித் திருப்புகிற நாலு பேருக்குத் தெரியும் அந்த வேலையின் அருமை. ஒருமுறை எல்லாம் முடிந்து அட்டை ஒட்டிய பிறகு ஒரு புண்ணியவான் கிளேர் ஷீல்டு மேல், அதாவது கருவிப் பலகையின் மேல்மூடியில், காந்த அடிப்பாகம் வைத்த டார்ச்சை வைத்துவிட்டுப் போனான்.

தேங்காய்த்திட்டு_போட்:
நான் போட் எலக்ட்ரிக்கல் வேலை செய்கிறவன். எங்களுக்கும் இதே தலைவலி உண்டு. எக்கோ சவுண்டர், விஎச்எஃப், ஜிபிஎஸ் என்று எது வாங்கினாலும் மேனுவலில் காம்பஸ் பாதுகாப்புத் தூரம் என்று இரண்டு எண் போட்டிருப்பார்கள், ஒன்று ஸ்டாண்டர்ட் காம்பஸுக்கு, ஒன்று ஸ்டியரிங் காம்பஸுக்கு. ஆனால் வீல்ஹவுஸே இரண்டு ஆள் அகலம்தான், எங்கே தள்ளி வைப்பது? போதாததற்குப் பாட்டு கேட்கக் கார் ஸ்பீக்கரைக் காம்பஸுக்குப் பின்னாலேயே பொருத்திவிடுவார்கள். நான் பெயர்த்து வைப்பேன், அடுத்த ட்ரிப் முடிந்து பார்த்தால் பழைய இடத்துக்கே வந்திருக்கும்.

கப்பல் கணக்கும் விமானக் கணக்கும் ஒன்றா?

காலாப்பட்டு_இயற்பியல்:
அண்ணா, அடிப்படை ஒன்றுதான். கப்பல் காம்பஸுக்கான ஐஎஸ்ஓ 694 இதை இன்னும் நேர்மையாகச் செய்கிறது. ஸ்டியரிங் காம்பஸில் அனுமதிக்கும் விலகல் 18 டிகிரியை உள்ளூர்க் கிடைமட்டப் புலத்தால், மைக்ரோடெஸ்லாவில், வகுத்து வருவது. ஸ்டாண்டர்ட் காம்பஸுக்கு 5.4-ஐ வகுக்க வேண்டும். 18-ஐ 40.5-ஆல் வகுத்துப் பாருங்கள், 0.44 டிகிரி. மேலே விமானத்துக்கு வந்த அதே எண்.

வில்லியனூர்_மொபைல்:
என் ஆப்பை யாரும் கண்டுகொள்ளவில்லையே. வீட்டு மாடியில் 41 காட்டுகிறது. நீங்கள் சொல்லும் எண்ணோடு ஒத்துப்போகிறதே?

காலாப்பட்டு_இயற்பியல்:
மொத்தப் புலம் இங்கே அந்த அளவுதான். போன் உயிரோடு இருக்கிறது என்று அதிலிருந்து தெரிந்துகொள்ளலாம். நாம் தேடும் 0.316 அதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. போனை ஒரு டிகிரி திருப்பினாலே ஒவ்வொரு அச்சிலும் 0.7 வரை ஆடும். மலிவான உணரிச் சில்லுகளின் பகுப்புத்திறனே 0.2 மைக்ரோடெஸ்லா பக்கம். போனுக்குள்ளேயே ஸ்பீக்கர் காந்தம் வேறு.

இதைவிடப் பெரிய கண்ணி ஒன்று இருக்கிறது. பெரிய விமானங்களில் ஏசி மின்சாரம் 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ். 400 ஹெர்ட்ஸ் புலம் முள்ளை ஒன்றும் செய்யாது, முள் அவ்வளவு வேகமாக ஆடாது. ஆனால் போன் உணரி நொடிக்கு 100 முறை மாதிரி எடுப்பதாக வையுங்கள். 400 என்பது 100-இன் சரியான மடங்கு. ஒவ்வொரு மாதிரியும் அலையின் அதே இடத்தில் விழும். இல்லாத நிலையான புலம் ஒன்று இருப்பதாகப் போன் காட்டும். அலைவெண் 400.3 என்றால் மெதுவாக மேலும் கீழும் ஊசலாடும், நீங்கள் பேய் என்று நினைப்பீர்கள். சில்லு உள்ளுக்குள் சராசரி எடுத்து ஓரளவு குறைக்கும், முழுதாகப் போகாது. நொடிக்கு 50 முறை மாதிரி எடுத்தால் வீட்டு 50 ஹெர்ட்ஸிலும் இதே கதைதான்.

வில்லியனூர்_மொபைல்:
சரி, ஆப்பை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன். அப்போ அந்த 400 ஹெர்ட்ஸை எப்படித்தான் அளப்பது?

பழைய_ஏவியானிக்ஸ்:
சுருள் வைத்து. ராணுவத் தரநிலை மில்-எஸ்டிடி-461-இல் ஆர்இ101 என்று ஒரு சோதனை. 30 ஹெர்ட்ஸ் முதல் 100 கிலோஹெர்ட்ஸ் வரை. 13.3 செ.மீ. விட்டம், 36 சுற்று கொண்ட சுருளைப் பெட்டியின் முகத்திலிருந்து 7 செ.மீ. தள்ளி வைத்து, முகம் முழுக்க, கேபிள் கனெக்டர் பக்கமும் தடவிக்கொண்டே போக வேண்டும். நின்று நிதானித்துத் தேடுகிறவன் கையில்தான் அந்தச் சோதனை.

காலாப்பட்டு_இயற்பியல்:
வீட்டில் செய்து பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு: அந்தச் சுருளின் பரப்பைச் சுற்று எண்ணிக்கையால் பெருக்கினால் அரை சதுர மீட்டர். 400 ஹெர்ட்ஸில் 1 மைக்ரோடெஸ்லா புலத்துக்குச் சுமார் 1.25 மில்லிவோல்ட் வரும். பிவிசி குழாய்த் துண்டில் சுற்றி ஆசிலாஸ்கோப்பில் பார்த்துவிடலாம். அலைவெண் கூடினால் வோல்டேஜும் அதே விகிதத்தில் கூடும் என்பதால் ஒவ்வொரு அலைவெண்ணுக்கும் வகுத்துத்தான் புலத்தைச் சொல்ல வேண்டும். நிலையான புலத்துக்குச் சுருளில் ஒன்றும் வராது. இன்டர்காம் பெட்டிக்கு இது பயன்படாது.

முதுநகர்_சந்தேகி:
இந்தக் காந்தப்புலம் எல்லாம் பயணிகள் உடம்புக்கு?

காலாப்பட்டு_இயற்பியல்:
50 ஹெர்ட்ஸில் பொதுமக்களுக்கான சர்வதேச வழிகாட்டு வரம்பு 200 மைக்ரோடெஸ்லா. நாம் இங்கே 0.3-க்குச் சண்டை போடுகிறோம். முள்தான் பாவம்.

சேதராப்பட்டு_சால்டரிங்:
0.45 டிகிரியை எங்கள் காம்பஸில் கண்ணால் படிக்க முடியவில்லை, கோடு ஒன்றுக்கு ஒரு டிகிரி. சுருள் வைத்துப் பூமியின் புலத்தையே குறைத்துவிட முடியாதா?

காலாப்பட்டு_இயற்பியல்:
முடியும். அரை மீட்டர் ஆரமுள்ள இரண்டு வளையம், ஒவ்வொன்றிலும் 20 சுற்று, நடுவே இடைவெளியும் அரை மீட்டர். வடக்கு தெற்காக நிறுத்தி, 0.62 ஆம்பியரைப் பூமிப் புலத்துக்கு எதிராக விட்டால் நடுவில் 40.5 என்பது 18 ஆகிவிடும். ஆனால் சீரான புலம் நடுப்பகுதியில் மட்டும்தான். 33 செ.மீ. தள்ளி இருக்கும் பெட்டி ஓரத்துக்குப் போய்விடும். பெட்டியில் மெல்லிரும்பு இருந்தால் அது சுற்றியிருக்கும் புலத்துக்கு ஏற்பக் காந்தமாகும், அப்போது ஓரத்தில் என்ன புலம் என்பதும் முக்கியம். இன்னும் பெரிய வளையம் வேண்டும்.

எளிய வழி ஃப்ளக்ஸ்கேட் என்னும் நுண்ணிய காந்தப்புல உணரியை வாடகைக்கு எடுப்பது. காம்பஸுக்குப் பதில் ஈடான உணரி வைக்கத் தரநிலை இடம் தருகிறது. உணரியைக் கிழக்கு மேற்காக நிறுத்துங்கள், பெட்டி இல்லாமல் ஒருமுறை, இருக்கும்போது ஒருமுறை படியுங்கள், வித்தியாசம் 0.316 ஆகும் இடம்தான் தூரம். இரண்டு படிப்புக்கும் நடுவே டீ குடிக்கப் போகாதீர்கள். நம் பக்கத்தில் நடுப்பகலில் அயனி மண்டலத்தில் கிழக்கு நோக்கி ஓடும் மின்னோட்டத்தால் பூமியின் புலமே பத்துக்கணக்கான நானோடெஸ்லா ஏறி இறங்கும். அதைக் கவனிக்கத்தான் சர்வதேசப் புவி இயற்பியல் ஆண்டையொட்டி, 1957-இல், அன்றைய தென்னாற்காட்டின் அண்ணாமலைநகரில் காந்த ஆய்வுக்கூடம் வைத்தார்கள். பின்னாளில் அந்த வேலை புதுச்சேரி ஆய்வுக்கூடத்துக்கு வந்தது, இந்தியப் புவிக்காந்தவியல் நிறுவனம் நடத்துகிறது. நல்ல வேளையாக அந்த ஏற்ற இறக்கம் பெரும்பாலும் வடக்கு தெற்காக. உங்கள் உணரி சரியாகக் கிழக்கு பார்த்தால் அதிகம் தெரியாது. காந்தப் புயல் நாளில் மட்டும் அளக்காதீர்கள். 2024 மே 10, 11-இல் நடுக்கோட்டுப் பகுதிகளின் சராசரிக் கிடைமட்டப் புலம் சுமார் 400 நானோடெஸ்லா (0.4 மைக்ரோடெஸ்லா) குறைந்தது, நாம் தேடும் எல்லையைவிட அது பெரிது.

சேதராப்பட்டு_சால்டரிங்:
ஃப்ளக்ஸ்கேட் கிடைத்தது. அதே தோப்பு, அதே மேசை. ஸ்பீக்கர் முகம் 32 செ.மீ. சப்ளை வயர் இரண்டையும் முறுக்காமல் தனித்தனியே ஓட்டி அளந்தால் 40-க்கும் மேலே போகிறது, முறுக்கினால் 32-க்குத் திரும்புகிறது. ஸ்பீக்கரை எடுத்துவிட்டு காந்தமில்லாத பீசோ பஸ்ஸர் வைத்துப் பார்த்தோம், 20-க்குள் வந்துவிட்டது. வாடிக்கையாளருக்கு உள்ளூர்ப் புலம், திருத்தம், இரண்டு அளவும் போட்டு எழுதிவிட்டேன். ஏ வகையாக ஏற்றுக்கொள்வதா, ஸ்பீக்கரை மாற்றி இசட் வாங்குவதா என்பது இப்போது முதலாளியும் அவர்களும் பேச வேண்டியது. எனக்கென்னவோ பீசோவின் கீச்சுக் குரல் விமானியின் காதில் ஏறுமா என்று சந்தேகம்.

பழைய_ஏவியானிக்ஸ்:
ஹெட்செட்டிலேயே எச்சரிக்கையைக் கலந்து விடுங்கள் தம்பி. இன்டர்காம்தானே செய்கிறீர்கள், தனி ஸ்பீக்கர் எதற்கு?

சேதராப்பட்டு_சால்டரிங்:
சார்! இதை ஏன் யாரும் முதலிலேயே கேட்கவில்லை? நாளைக்கே பேசுகிறேன்.

தேங்காய்த்திட்டு_போட்:
கழற்றிய ஸ்பீக்கர் மீதம் இருந்தால் எங்களுக்கு அனுப்பாதீர்கள், இருப்பதே போதும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை, ஒரு சந்தேகம். கூரியரில் ஸ்பீக்கர் காந்தம் விமானத்தில் போகாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கும் இதே ஒரு டிகிரிதானா?

பழைய_ஏவியானிக்ஸ்:
அது வேறு கணக்கு. சரக்கு விதியில் பொட்டலத்திலிருந்து 2.1 மீட்டர் தள்ளி 0.002 காஸ், அதாவது 0.2 மைக்ரோடெஸ்லாவுக்குள் இருந்தால் காந்தப் பொருள் என்றே கணக்கில் வராது. 4.6 மீட்டரில் 0.00525 காஸைத் தாண்டினால் ஏற்றவே கூடாது. நடுவில் இருந்தால் முத்திரை ஒட்டி, காம்பஸிலிருந்து தள்ளி அடுக்கி அனுப்பலாம். இரண்டு ஸ்பீக்கரை முகத்தோடு முகம் வைத்துக் கட்டி, பெட்டிக்குள் மெல்லிரும்புத் தகடு சுற்றிப் பாருங்கள், பெரும்பாலும் 2.1 மீட்டரிலேயே தேறிவிடும். பொட்டலத்தைக் காட்டும்போது பதிலை எழுத்தில் கேளுங்கள், கவுண்டரில் இருப்பவருக்கு இந்த எண்கள் தெரிந்திருக்க வேண்டுமென்று இல்லை.